கப்பி என்றுதான் சொன்னேன்

போன மாதம் எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டத்துக்கு, இப்போது பணியில் இருக்கும் இளம் சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்திருந்தார். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பது, மருந்து ஊற்றுவது, எல்லாவற்றையும் செல்போனில் பதிவது என்று தன் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். "வீட்டுக்காரங்க சம்மதம்னு ஒரு கட்டம் இருக்கு சார். எதுக்குத் தலையாட்டுறாங்கன்னு யார் பாக்குறா? ஆட்டுனா டிக்கு போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சிரிக்காததைக் கவனித்த அவரே, ஏன் என்று கேட்டு, எழுதித் தரும்படியும் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். மதுரையில் சில வாரங்கள் பயிற்சி. எந்தக் கொசு எந்தத் தண்ணீரில் முட்டையிடும், விரலில் குத்தி ரத்தம் எடுப்பது எப்படி, அதைக் கண்ணாடித் துண்டில் தேய்ப்பது எப்படி, அவ்வளவுதான். பிறகு ஒரு காக்கிச் சட்டை, ஒரு சைக்கிள், ஒரு தோள்பை. போடிநாயக்கனூரைச் சுற்றி, ராசிங்காபுரம் பக்கத்து ஊர்களும் குரங்கணி அடிவாரம் வரையிலும் என் எல்லை. முருகேசன் என்ற என் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. ஊரில் என் பெயர் மலேரியாக்காரர். சில வீடுகளில் அதையும் சுருக்கி, "இந்த வாரம் மலேரியா வந்துச்சா?" என்று கேட்டுக்கொள்வார்கள். காய்ச்சலைக் கேட்கிறார்களா என்னைக் கேட்கிறார்களா என்று எனக்கே குழப்பமாக இருக்கும்.

தினசரி வேலை ஒரே மாதிரிதான். நீளக் கைப்பிடி வைத்த வெள்ளை எனாமல் கரண்டி ஒன்று தருவார்கள். கிணற்றுத் தண்ணீரை வாளியில் இறைத்து, அதிலிருந்து கரண்டியால் மெதுவாக மொள்ள வேண்டும். வேகமாக மொண்டால் கொசுப்புழு அடியில் ஓடி ஒளிந்துகொள்ளும். வெள்ளைக் கரண்டியில் புழு தெளிவாகத் தெரியும். தலைகீழாகத் தொங்கினால் சாதாரணக் கொசு. தண்ணீரின் மேல்மட்டத்தில் படுத்தவாக்கில் கிடந்தால் அது மலேரியாக் கொசு. படுத்துக் கிடக்கிற புழுவைப் பார்த்தால் அந்தத் தெருவில் காய்ச்சல் இருக்கும் என்று அர்த்தம். காய்ச்சல்காரருக்கு இடது கை மோதிர விரலில் குத்தி ரத்தம் எடுத்து, முதல் மாத்திரையை நம் கண்ணெதிரே விழுங்க வைத்துவிட்டு, சுவரில் தேதி எழுதிவிட்டு வர வேண்டும்.

எனக்கு மேலதிகாரி தங்கசாமி சார். உயரமானவர், அதிர்ந்து பேசாதவர், சைக்கிளைத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைப்பவர். அவரிடம் ஒரு வேடிக்கை உண்டு. கிணறு பார்ப்பதே வேலையாக உள்ள மனிதருக்குக் கிணற்றை எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். பத்தடி தள்ளி, தொழுவத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டு, "எத்தன புழு? படுத்திருக்கா, தொங்குதா?" என்று கேட்பார். நாம் சொல்வதை, பழைய உறையைப் பிரித்து அதன் உட்பக்கத்தில் எழுதிக்கொள்வார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பு செய்தவனிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "என்ன செஞ்சியோ எழுது" என்பார். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்வார். திட்டு வாங்கினால் கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

எழுபதுகளின் பிற்பாதியில் காய்ச்சல் திரும்பி வந்தது. ராசிங்காபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தெருவில் வரிசையாகப் பதினொரு வீட்டுக் கிணறுகள். அத்தனையிலும் படுத்துக் கிடக்கிற புழு. குடிக்கிற தண்ணீர் என்பதால் புழுவைக் கொல்லும் எண்ணெய் ஊற்ற வழியில்லை. மதுரையிலிருந்து மீன் தருவிக்கலாம் என்று சார் சொன்னார். விரல் நகம் அளவு மீன்கள். பத்துப் பதினைந்தாகச் சேர்ந்தே திரியும், கொசுப்புழுவைப் பொறுக்கித் தின்னும். அதன் பெயர் கப்பி. எங்களுக்குள் பேசும்போது கப்பி வந்ததா, கப்பி விட்டாச்சா என்றுதான் பேசுவோம்.

இங்கேதான் வினை. கிணற்றில் கயிறு ஓடும் உருளைக்கும் எங்கள் பக்கம் கப்பி என்றுதான் பெயர்.

அந்தத் தெருவில் பாதிப் பேர் சைவம். மீன் என்று சொன்னதுமே, கிணறு கவிச்சியாகிவிடும் என்று கதவைச் சாத்தினார்கள். கறிமீன் சாப்பிடுகிற வீடுகளோ, அடுத்த வீட்டில் விடட்டும் பார்க்கலாம் என்றார்கள். பத்து வீட்டில் 'இல்லை' வாங்கிக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனேன். விசாலாட்சியம்மாள் வீடு, அதுவும் சைவம். ஐம்பதை நெருங்கிய அம்மாள். தெருவிலேயே பெரிய கிணறு அவர்களுடையது. நல்ல தண்ணீர் என்பதால் மற்ற வீட்டுக்காரர்கள் சிலரும் குடிக்க அங்கே வந்து எடுப்பார்கள். அவர் கணவருக்கு அந்த மாதம்தான் குளிர்காய்ச்சல் வந்து, ரத்தத்தில் கிருமி இருந்து, மாத்திரை கொடுத்திருந்தேன். அவர்களுடைய ஒரே மகள் தெய்வானை குரங்கணி அடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டவள். தலைச்சன் பிள்ளை உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு இந்த வீட்டுக்குத்தான் வரப்போகிறாள். அதற்கு மூன்றரை மாதம் இருந்தது. "மாசமா இருக்கிற புள்ளைக்கு இந்தக் காய்ச்சல் வந்தா ரெண்டு உசுரு" என்று சார் சொல்லியிருந்தார்.

அம்மாள் முற்றத்தில் புளி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்.

"அம்மா, கெணத்துல கப்பி விடணும். எல்லாம் கெவுருமெண்டு செலவு. நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

"போட்டுட்டுப் போ அப்பு. பழசு கிறீச்சு கிறீச்சுன்னு உசுர வாங்குது. ஒரு கொடம் எறைக்கிறதுக்குள்ள தோள்பட்ட கழண்டு போகுது."

இரண்டடி நடந்திருப்பேன். அவர் எதற்குச் சரி சொன்னார் என்று புரிந்துவிட்டது. நின்றேன். திரும்பிப் போய், "அந்தக் கப்பி இல்லம்மா" என்று சொல்ல நாலு வார்த்தை போதும். என் நோட்டில் பத்து 'இல்லை' இருந்தது. பதினொன்றாவதாகச் 'சம்மதம்' என்று எழுதிவிட்டு சைக்கிளில் ஏறினேன். பிறகு இதைக் கேட்டவர்களெல்லாம், பாவம், வார்த்தைக் குழப்பம் என்றார்கள். குழப்பம் அந்த அம்மாளுக்குத்தான். எனக்கு ஒரு குழப்பமும் இல்லை.

அடுத்த வாரம் பள்ளத்தாக்கில் வாந்திபேதி வந்திருப்பதாகப் பேச்சு. எல்லாக் குடிநீர்க் கிணற்றுக்கும் உடனே பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லி உத்தரவு. வியாழக்கிழமை காலையில் அந்தத் தெரு முழுக்க நானே போட்டேன். பவுடரை வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, கிணற்றில் இறக்கி மேலும் கீழும் ஆட்டிக் கலக்க வேண்டும். ஒழுங்காகத்தான் செய்தேன். மத்தியானம் மதுரை ரயிலில் போடி ஸ்டேஷனுக்கு ஒரு தகர டின் வந்து இறங்கியது. உள்ளே ஐம்பது கப்பிகள். டின்னில் ராத்திரி தாங்காது, இன்றைக்கே விட்டுவிட வேண்டும் என்று மேலே சீட்டு ஒட்டியிருந்தது. வெரசாக சைக்கிளை மிதித்துப் போய், அம்மாள் தோட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் அத்தனையையும் கிணற்றில் விட்டேன். காலையில் பிளீச்சிங் கலந்ததும் இந்தக் கைதான், சாயங்காலம் மீன் விட்டதும் இதே கைதான். அந்த வாசனை கையில் இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பூசைக்குத் தண்ணீர் எடுக்க அம்மாள் வாளியை இறக்கினார். மேலே வந்த வாளியில் செத்த மீன்கள் மிதந்தன. எட்டிப் பார்த்தால் கிணறு முழுக்க வெள்ளை வெள்ளையாக மிதந்ததாம். அன்றைக்கு அந்த வீட்டில் உலை வைக்கவில்லை. கிணற்றை முழுக்க இறைத்து, சுத்தம் செய்து, ஐயரை வரவழைத்து மந்திரம் சொல்லித் தண்ணீர் தெளித்தார்கள். தெருவே எனக்குக் கதவைச் சாத்தியது. காய்ச்சல் மாத்திரை கூட வாங்க ஆளில்லை. மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. என் சர்வீசில் நான் வாங்கிய ஒரே மெமோ அதுதான்.

தங்கசாமி சார் வெள்ளைத் தாளை நீட்டினார். "கவனக்குறைவால் தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதிப் படித்தேன்.

"நேந்துருச்சா? மழ பெஞ்சுச்சுங்கிற மாதிரி சொல்ற. அதுவா நேந்துச்சா, நீ செஞ்சியா?"

வேறு தாள் கொடுத்தார். மூன்று தடவை கிழித்தேன். நாலாவது தாளில் கப்பி விஷயத்தையும் எழுதினேன். அதுவரை அது அவருக்குத் தெரியாது. நான் படித்து முடித்ததும் சைக்கிளை வெளியே எடுத்தார். "இத எங்கிட்டப் படிச்சு என்ன பிரயோசனம்? காக்கிச் சட்டையப் போட்டுக்கிட்டு வா" என்றார்.

அந்த வீட்டு முற்றத்தில் நின்று அந்தத் தாளை நான் படித்தேன். நான் கப்பி என்று சொன்னது மீனை. நீங்கள் கிணற்று உருளை என்று நினைத்தது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் திருத்தவில்லை. காலையில் பிளீச்சிங் போட்ட கிணற்றில் சாயங்காலம் மீனை விட்டதும் நான்தான்.

அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"எத்தன?"

"என்னதும்மா?"

"எத்தன மீனு செத்துச்சு?"

"அம்பது."

"அம்பது உசுரு. வெள்ளிக்கெழமையும் அதுவுமா, எங்கெணத்துல. திங்காத வீட்டுல கொன்னு போட்டுட்டுப் போயிருக்க." சாரைப் பார்த்து, "ரெண்டு பேரும் கெளம்புங்க" என்றார்.

வாசலைத் தாண்டும்போது உள்ளிருந்து குரல் வந்தது. "அப்ப கப்பி என்னாச்சு?"

சார் திரும்பி, "நாளைக்கு வரும்மா" என்றார். மறுநாள் போடியில் நல்ல இரும்புக் கப்பியாகப் பார்த்து அவரே வாங்கி வந்தார். நான் மாட்டினேன். அவர் பத்தடி தள்ளித் தொழுவத்தைப் பார்த்தபடி, "நேரா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். வாளி சத்தமில்லாமல் இறங்கி ஏறியது. அம்மாள் இரண்டு வாளி இறைத்துப் பார்த்துவிட்டு என்னிடம், "இன்னும் என்ன நிக்கிற? வேற என்ன வேணும்?" என்றார்.

"மீனு விடணும்மா" என்றேன். "மீனு. தண்ணியில நீந்துற மீனு."

இந்தத் தடவை புரியாமல் போக வழியே இல்லாமல் சொன்னேன். அவர் முடியாது என்றார். நான் கிணற்றில் வேண்டாம் என்றேன். கண்ணாடித் தொட்டி ஒன்று செய்கிறேன், உங்கள் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றுகிறேன், உங்கள் கண்ணெதிரே இருக்கட்டும், கவிச்சி அடிக்கிறதா இல்லையா என்று நீங்களே பாருங்கள்.

"நாறுனா?"

"அன்னைக்கே எடுத்துட்டுப் போயிர்றேன். அப்புறம் இந்தத் தெருப்பக்கமே வரமாட்டேன்."

"வராம இருக்கிறதுக்குத்தான் ஒனக்குச் சம்பளமா?" என்றார். அது பாதிச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டதன் பலன் நினைவுக்கு வந்து, "அப்ப சரிதானாம்மா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். "ஏர்க் கொட்டகையில வையி. வீட்டுக்குள்ள வரக் கூடாது. மாசம் ஒண்ணு பாக்குறேன்" என்றார்.

போடியில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போடுகிற கடையில் இரும்புச் சட்டம் அடித்து, நாலு பக்கமும் கண்ணாடி வைத்து, கசியாமல் இருக்க மக்கு பூசித் தொட்டி செய்து வாங்கினேன். மூன்று குடம் தண்ணீர் கொள்ளும். மக்கு எண்ணெய் வாடை போக மூன்று நாள் தண்ணீர் நிரப்பிக் கொட்டினேன். குரங்கணி போகிற வழியில் ஆற்று மணல் அள்ளி, சல்லடையில் இட்டு, ஊற்றுகிற தண்ணீர் கலங்காமல் வடிகிற வரை கழுவினேன். அதற்கே ஒரு காலைப்பொழுது போயிற்று. மணலை நாலு விரல் உயரத்துக்குப் பரப்பி, பின்பக்கம் மேடாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் சரித்தேன். அப்படி வைத்தால் அழுக்கு முன்னால் வந்து சேரும், எடுத்துவிடலாம். வாய்க்காலிலிருந்து வேலம்பாசி கொண்டுவந்து, அழுகல் இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு தண்டாக மூங்கில் குச்சியால் மணலில் சொருகினேன். மேலே ஒரு வாழை இலைத் துண்டை விரித்து, அதன்மேல் செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டேன். நேராக ஊற்றினால் மணல் குழிந்து நட்டதெல்லாம் கிளம்பிவிடும். அம்மாள் கொட்டகை வாசலில் நின்று பார்த்தார். "நாத்து நடுற மாதிரியில்ல நடுற" என்றார்.

உடனே மீன் விடவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. "நான் சொல்லல, கெட்டுப்போச்சு, கொட்டு" என்றார் அம்மாள். புதுத் தொட்டியில் அப்படித்தான் ஆகும், தானாகத் தெளியும், தண்ணீரை மாற்றத்தான் கூடாது என்று சார் சொல்லியிருந்தார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஏழாம் நாள் காலையில் போனபோது அடிமணலில் ஒவ்வொரு பொடிக்கல்லும் தெரிகிற அளவுக்குத் தெளிந்திருந்தது. அம்மாள் எனக்கு முன்பே வந்து பார்த்திருக்கிறார். கண்ணாடியில் அவர் கைத்தடம் இருந்தது.

மீன் பன்னிரண்டு வந்தது. டின்னைத் தொட்டித் தண்ணீரில் அரைமணி நேரம் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரின் குளிர்ச்சியும் ஒன்றான பிறகு மெல்லச் சாய்த்தேன். பன்னிரண்டும் பாசிக்குள் போய் ஒட்டிக்கொண்டு நின்றன. கொஞ்ச நேரம் கழித்து ஒன்று வெளியே வர, பதினொன்றும் அதன் பின்னாலேயே வந்தன. அது திரும்பினால் எல்லாம் திரும்பின. பிறகு அம்மாளின் கிணற்றிலிருந்தே ஒரு வாளி இறைத்து, புதுத் தண்ணீரில் திரும்ப வந்திருந்த புழுக்களை வெள்ளைக் கரண்டியில் மொண்டு அவரிடம் காட்டினேன்.

"இதெல்லாம் எங்கெணத்துலயா இருந்துச்சு?"

"ஆமாம்மா. ஐயாவுக்குக் காய்ச்சல் வந்தது இதுகளாலதான்."

கரண்டியைத் தொட்டியில் கவிழ்த்தேன். எண்ணி முடிப்பதற்குள் ஒரு புழு இல்லை. அம்மாள் குனிந்து தொட்டியை மோந்து பார்த்துவிட்டுப் போனார்.

நாலு வாரம் ஒரு வாடையும் இல்லை. எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அப்போதுதான் ஒரு காலையில் அவர் என்னைக் கொட்டகை வாசலிலேயே மறித்தார். முகம் சிவந்திருந்தது. மீன் குட்டி போட்டிருக்கிறது. கடுகளவு குஞ்சுகள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாய் மீன் அவற்றைத் துரத்தித் தின்றுவிட்டது.

"பெத்த புள்ளையத் திங்கிறத எங்கெணத்துல விடச் சொல்றியா? எம்மக புள்ளத்தாச்சியா வரப்போற வீட்டுல? தூக்கிட்டுப் போ. நாத்தம் அடிச்சாக் கூடப் பொறுத்துருப்பேன்."

மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. "ஆமாம்மா, திங்கும்" என்றேன். "எடம் நெருக்கமா இருந்து, குஞ்சுக ஒளிய எடமில்லன்னா திங்கும். பாசி அடர்த்தியா இருந்தாத் தப்பிக்கும்னு சார் சொன்னாரு. நான் பாத்ததில்ல. பாசிய நான்தான் கொறச்சு நட்டுட்டேன்."

அவர் என்னையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நட்டுத் தொலைய வேண்டியதுதானே" என்றார். மறுநாள் நான் போகும்போது வாய்க்காலிலிருந்து ஒரு கூடை பாசி வந்து இறங்கியிருந்தது. தோட்டத்து ஆள்களிடம் சொல்லி அவரே எடுப்பித்திருக்கிறார். தொட்டியில் பாதியை அடர்த்தியாக நட்டோம். நட்டோம் என்று சொல்வது சரிதான். அவர் முழங்கை வரை சேலையை ஒதுக்கிக்கொண்டு தொட்டிக்குள் கைவிட்டு நட்டார். நான் குச்சி எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த ஈற்றில் குஞ்சுகள் பிழைத்தன. எது எப்போது போடும், வயிற்றில் கறுப்புப் புள்ளி பெரிதானால் எத்தனை நாள் என்பதெல்லாம் என்னைவிட அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. நான் போனதும், "வா அப்பு, நேத்து எட்டு" என்பார். நானும் சும்மா இருக்காமல், "என்னம்மா, பேறுகாலத்துக்கு ஆளு தேடுனா ஒங்களத்தான் சொல்லணும் போல" என்பேன். "போயி சோலியப் பாரு" என்பார். அந்த ஆண்டுகளில் என் வேலையில் நான் மிகச் சந்தோஷமாகப் போன வீடு அதுதான்.

வளைகாப்புக்கு இருபது நாள் இருந்தது. தொட்டியில் நாற்பதுக்கு மேல் மீன் சேர்ந்துவிட்டது. "அம்மா, கெணத்துல விட்டுரலாம்" என்றேன்.

"முடியாது."

"என்னம்மா? கவிச்சி இல்லன்னு நீங்களே..."

"கவிச்சிய யாரு கேட்டா? அந்தக் கெணத்துல அம்பது செத்துருக்கு. இதுகளையும் அதுல கொண்டுபோயிக் கொட்டச் சொல்றியா? பாத்துப் பாத்து வளத்துருக்கேன்."

மீனே கூடாது என்றவரைச் சரிக்கட்ட ஒரு தொட்டி போதுமாயிருந்தது. மீனை விடமாட்டேன் என்கிறவரை எதைக்கொண்டு சரிக்கட்டுவது? சாரிடம் சொன்னேன். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "அந்தம்மா கேக்குறது நியாயம்தானே. நீ ஒரு தடவ கொன்னவன். ஒன்ன எதுக்கு நம்பணும்? அவங்களே பாத்துக்கட்டும்" என்றார்.

அதை அப்படியே அம்மாளிடம் சொன்னேன். பிளீச்சிங் போட்ட தேதி, கிணறு இறைத்த தேதி, அதற்குப் பிறகு அந்தக் கிணற்றில் நான் எதுவும் போடாதது எல்லாவற்றையும் நோட்டைப் பிரித்துக் காட்டினேன். முடிவை அவரிடமே விட்டேன். மூன்று நாள் கழித்துப் போனபோது அடுக்களை வாசலில் ஒரு பித்தளைக் குண்டான். கிணற்றுத் தண்ணீர், இரண்டு இணுக்குப் பாசி, ஒரே ஒரு மீன். கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று அம்மாளே சோதித்துப் பார்த்திருக்கிறார்; மீன் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. மீன் வீட்டுக்குள் வந்திருப்பதை நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "ஒத்தையில இருந்தா அதுக்குப் பிடிக்கல. நேத்து ராத்திரியெல்லாம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுச்சு. வா, வெரசா எல்லாத்தையும் ஒண்ணா விட்டுருவோம்" என்றார்.

வாளியில் முப்பது மீன். மீதியை, "வெதைக்கு இருக்கட்டும்" என்று தொட்டியிலேயே நிறுத்திக்கொண்டார். கயிற்றை என்னிடம் கொடுக்கவில்லை. அவரே பிடித்து, வாளியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, தண்ணீருக்குள் முழுக அமிழ்த்தி, மீன்கள் தாமாக வெளியேறுகிற வரை கையை அசைக்காமல் நின்றார். மறுநாள் காலையில் நான் எட்டிப் பார்த்தேன். முப்பதும் ஒரு கொத்தாக, படிக்கல் ஓரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு மாதத்தில் கரண்டியில் புழு விழவில்லை. அதற்குள் தெருவில் மற்ற வீட்டுப் பெண்கள் குஞ்சு கேட்டு அவரிடம் வர ஆரம்பித்திருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

தெய்வானை வளைகாப்பு முடிந்து வந்தாள். வந்து ஆறாவது வாரம் ஒரு காலையில் அவளுக்கு உடம்பு சுட்டது, குளிர் நடுக்கம். ஆள் அனுப்பினார்கள். நான் போய் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, முதல் மாத்திரையைக் கொடுத்து, கண்ணாடித் துண்டைப் போடிக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். முடிவு வர இரண்டு நாள் ஆனது. செத்த ஐம்பது மீனுக்கு அந்த அம்மாள் என்னை மன்னித்தார். இது மலேரியாவாக இருந்தால் மன்னிப்பு கிடையாது, நானும் என்னை மன்னிக்க மாட்டேன் என்று தெரியும். முடிவைக் கையில் வாங்கியதும் சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று நினைவில்லை. எங்கள் ஆபீஸ் பாஷையில் அதை 'நெகட்டிவ்' என்போம்; அம்மாளுக்கு அது புரியாது. நான் வாசலில் நின்று, "மலேரியாக் கிருமி இல்லம்மா. சளிக் காய்ச்சல்தான், பயப்பட ஒண்ணுமில்ல" என்றேன். அம்மாள் மகளிடம் சொல்ல உள்ளே ஓடினார்.

ஆண் குழந்தை. ஐந்தாம் மாதம் பிள்ளையையும் தாயையும் குரங்கணி அடிவாரத்துக்குக் கொண்டுபோய் விடுகிற நாளில் என்னையும் வரச் சொன்னார். ஜீப்பில் தொட்டில், பித்தளைப் பாத்திரங்கள், பலகாரக் கூடைகள் என்று சீர் நிறைந்திருந்தது. என் மடியில் ஒரு பெரிய தூக்குவாளி. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தார்கள். "சிந்தாமக் கொண்டா" என்று மட்டும் சொன்னார். அந்த மலை ரோட்டில் மூன்று இடத்தில் ஜீப்பை நிறுத்தி மூடியைத் திறந்து பார்த்தார்.

சம்பந்தி வீடும் சைவம்தான். சீர்த்தட்டுகளை வரிசையாக இறக்கி வைத்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மாள் கடைசியில் என்னிடம் வந்து, தூக்குவாளியைப் பார்த்து, "இதுல என்ன, எண்ணெயா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்போதைக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். வீட்டில் அவ்வளவு சொந்தக்காரர்கள். நான் விசாலாட்சியம்மாளைப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்து வாளியை வாங்கித் தரையில் வைத்தார்.

"மீனு" என்றார். "உசுரோட இருக்கு. கெணத்துல விடுறதுக்குக் கொண்டாந்துருக்கேன். இது எதுக்கு, என்ன திங்கும், எல்லாம் சொல்றேன். கேட்டுட்டு, மூடியத் தொறந்து பாத்துட்டு, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. திரும்ப எடுத்துட்டுப் போயிர்றேன். தெரியாம எதுவும் விடமாட்டேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்தப் பேச்சை, அதே வரிசையில், நான் அவரிடம் பேசியிருக்க வேண்டும்.

சம்பந்தியம்மாள் மூடியைத் திறந்து பார்த்தார். விசாலாட்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார், குஞ்சைத் தின்னும் என்பது உட்பட. சம்பந்தியம்மாள் நாலைந்து கேள்வி கேட்டார். பேரனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

"வாங்க, கெணறு பின்னாடி இருக்கு."